கை தட்டிப் பார்த்தால் போதாது

குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பின்னால் நின்று கை தட்டுவார்கள், இல்லையென்றால் ஒரு தட்டைக் கீழே போடுவார்கள். குழந்தை திடுக்கிட்டுவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் தரையின் அதிர்வுக்கும், கை வீசும் காற்றுக்கும், சுவரில் ஆடும் நிழலுக்கும்கூடக் குழந்தை திடுக்கிடும். அரைகுறையாகக் கேட்கும் குழந்தையும் பெரிய சத்தத்துக்குத் திரும்பிவிடும். மெதுவாகப் பேசும் பேச்சுதான் அதன் காதில் விழாது. முதல் சில மாதங்களில் காது கேளாத குழந்தையும் மற்றக் குழந்தைகளைப் போலவே 'ங்கா' சொல்லும். அதை வைத்தும் ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

மருத்துவமனையில் செய்யும் முதல் சோதனைக்குப் பெயர் ஓ.ஏ.இ. பால் குடித்துத் தூங்கும் குழந்தையின் காதில், மெத்தென்ற முனை கொண்ட சிறு குழாயை வைப்பார்கள். அது 'டிக் டிக்' என்று மெல்லிய ஒலியை அனுப்பும். உட்காதில் இருக்கும் மயிர்ச்செல்கள் நன்றாக வேலை செய்தால், ஒலி வந்ததும் அவையே மிக நுண்ணிய ஒலியொன்றைத் திருப்பி எழுப்பும். குழாயில் உள்ள மைக் அதைப் பிடித்துக்கொள்ளும். காது கேட்க மட்டுமல்ல, ஒலி எழுப்பவும் செய்கிறது என்பதை 1978-ல் லண்டனில் டேவிட் கெம்ப் கண்டறிந்து வெளியிட்டார். ஊசி கிடையாது, வலி கிடையாது. குழந்தை அசையாமல் தூங்கினால் சில நிமிட வேலைதான்.

முடிவு 'பாஸ்' அல்லது 'ரெஃபர்' என்று வரும். 'ரெஃபர்' என்றால் செவிடு என்று அர்த்தமில்லை. பிறந்து ஓரிரு நாள்வரை காதுக்குள் பிரசவ நீரோ, பிறக்கும்போது உடலில் பூசியிருக்கும் வெண்மாவோ அடைத்திருக்கலாம். வார்டு இரைச்சலும் கெடுக்கும். சில வாரங்கள் கழித்து மறுபடி பார்த்தால் பெரும்பாலான குழந்தைகள் 'பாஸ்' ஆகிவிடும். அந்த மறுசோதனைக்கு வராமல் போவதில்தான் சிக்கல். "அவங்கப்பனும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்று வீட்டில் ஒரு பெரியவர் சொன்னால் போதும், இரண்டு வருடம் ஓடிவிடும்.

அந்த இரண்டு வருடம் விலை உயர்ந்தது. பேச்சைப் பிரித்தறிய மூளை பழகும் காலம் அது. அதனால்தான் 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதியான முடிவு, 6 மாதத்துக்குள் காது கேட்கும் கருவியோ பயிற்சியோ என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். 1,000 குழந்தைகளில் 1 முதல் 3 பேருக்குப் பிறவியிலேயே கேட்கும் குறை இருக்கிறது.

இன்குபேட்டரில் இருந்த குழந்தை, மஞ்சள் காமாலை முற்றி ரத்தம் மாற்றப்பட்ட குழந்தை ஆகியோருக்கு ஓ.ஏ.இ. மட்டும் போதாது. உட்காது சரியாக இருந்தும், ஒலியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு பழுதாகியிருக்கலாம். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஸ்டிக்கர் ஒட்டிச் செய்யும் 'பெரா' சோதனைதான் அதைக் காட்டும். கைக்குழந்தை தானாகத் தூங்கும்போதே இதை முடித்துவிடலாம். வளர்ந்த குழந்தைக்குப் பெரும்பாலும் தூக்க மருந்து கொடுக்க வேண்டிவரும். தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கல்யாணம் செய்தவர்களும், குடும்பத்தில் பிறவியிலேயே காது கேளாதவர் உள்ளவர்களும் யாரும் கேட்காமலேயே டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுவது நல்லது.

செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டியதில்லை. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டங்களில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இலவசமாகப் பார்க்கிறார்கள். காக்ளியர் இம்ப்ளாண்ட் (உட்காதில் அறுவை சிகிச்சை செய்து பொருத்தும் கருவி) தேவைப்படும் சிறு குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது.

பிறந்தபோது 'பாஸ்' ஆனதும் என்றைக்குமான சான்றிதழ் அல்ல. மூளைக்காய்ச்சல், பொன்னுக்கு வீங்கி போன்றவற்றுக்குப் பிறகு கேட்கும் திறன் குறையலாம். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும். டிவி சத்தத்தைக் கூட்டும், கூப்பிட்டால் திரும்பாது, பள்ளியில் கவனமில்லை என்பார்கள். அந்த நீர் பெரும்பாலும் தானாக வற்றிவிடும். மூன்று மாதமாகியும் வற்றாவிட்டால், சின்னக் குழாய் பொருத்தி வடிக்க வேண்டுமா என்பதைக் காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துச் சொல்வார்.