நாணயத்தின் மேல் குதிகால்

ஆயிரம் மீட்டர் உயரம். விமானத்தின் கதவு திறந்திருக்கிறது. கீழே மைதானத்தில் ஒரு மெத்தை. அதன் மையத்தில் நாணயம் அளவுக்கு ஒரு வட்டு. குதிப்பவரின் குதிகால் முதலில் பட வேண்டியது அதில்தான். பட்டால் பூஜ்யம், அதாவது முழு வெற்றி. விலகும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் போட்டியாளருக்கு லாபம்.

பாராசூட் விளையாட்டில் இந்தத் துல்லியத்துக்குப் பேர்போனவர் அமெரிக்காவின் ஷெரில் ஸ்டெர்ன்ஸ். 1955ல் பிறந்தவர். முதல் முறை குதித்தபோது வயது 17. அரிசோனாவில் வளர்ந்தவர், பயிற்சிக்காகவே வட கரோலினாவின் ரேஃபோர்டுக்குக் குடிபெயர்ந்தார்.

பக்கத்திலேயே ஃபோர்ட் பிராக். ராணுவத்தின் பாராசூட் குழுவான 'கோல்டன் நைட்ஸ்' இருக்குமிடம். 1959ல் தொடங்கிய அந்தக் குழுவில் 18 ஆண்டுகளாக ஆண்கள் மட்டுமே. 1977ல் ராணுவத்தில் சேர்ந்து, அதில் இடம்பிடித்த முதல் பெண்ணானார் ஷெரில். தேர்வு சரிதான் என்று நிரூபிக்க அதிக காலம் பிடிக்கவில்லை. 1978ல் அவர் உலக சாம்பியன்.

குறி தவறாமல் இறங்குவது பாதிப் போட்டிதான். மீதி 'ஸ்டைல்'. பாராசூட் விரியும் முன்பே, உடலைக் குறுக்கிக்கொண்டு கல்லைப் போல் விழும்போது, இடமும் வலமும் முழுச் சுற்றுகள், பின்னோக்கி ஒரு குட்டிக்கரணம், மறுபடியும் அதே வரிசை. தேர்ந்தவர்கள் இதை ஆறேழு விநாடிகளில் முடித்துவிடுகிறார்கள். உடல் சற்றே சாய்ந்தாலும் நடுவர்கள் நேரத்தைக் கூட்டிவிடுவார்கள்.

இளம் வயதுக்காரர்கள் ஆட்சி செய்யும் களம் இது. ராணுவத்தைவிட்டு வந்து பயணிகள் விமான பைலட்டான பிறகும் ஷெரில் விலகவில்லை. விமானம் ஓட்டியது போக மிஞ்சிய நாட்களில் விமானத்திலிருந்து குதித்தார். பலன், 1994ல் மறுபடியும் உலகப் பட்டம். முதல் பட்டத்துக்கும் இதற்கும் இடையே 16 ஆண்டுகள். அவரோ நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

1995 நவம்பரில் இன்னொரு சோதனை. 24 மணி நேரத்தில் எத்தனை தடவை குதிக்க முடியும்? பாராசூட்டை மடித்துத் தர ஒரு படையே வேலை செய்ய, ரேஃபோர்டில் இரவு பகலாகக் குதித்தார். மொத்தம் 352. சராசரியாக நான்கு நிமிடத்துக்கு ஒன்று. பெண்களில் இது உலக சாதனையானது.

எல்லாம் கைகூடிவிடவில்லை. பலூனில் ஏறி, ஏறக்குறைய 40 கி.மீ. உயரத்திலிருந்து குதிக்கத் திட்டமிட்டார். 1960ல் ஜோ கிட்டிங்கர் 31 கி.மீ. உயரத்திலிருந்து குதித்த சாதனையை முறியடிப்பதே இலக்கு. அது திட்டமாகவே நின்றுபோனது. 2012ல் அந்தப் பெருமை ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னருக்குப் போனது.

ஆனால், ஷெரிலின் பெயர் நிலைத்திருப்பது உயரத்தால் அல்ல. 20 ஆயிரம் தடவைக்கு மேல் குதித்தவர் அவர். அசட்டுத் துணிச்சல் அவ்வளவு தூரம் தாங்காது. ஒவ்வொரு முறையும் காற்றைக் கணித்து, கயிற்றை அளந்து இழுத்து, அதே சிறு வட்டைத் தேடி இறங்கும் பொறுமைதான் தாங்கும்.