கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு வரலாற்றுப் பயணம்: நம் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய போர்க்களங்கள்

பள்ளி விடுமுறை விட்டால் கம்பம், உத்தமபாளையம், பெரியகுளம் பகுதிக் குடும்பங்கள் போகும் இடங்கள் நமக்குத் தெரியும். சுருளி அருவி, தேக்கடி, மூணாறு, கொடைக்கானல். இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து நம் முன்னோர்கள் நடத்திய போரின் முக்கியமான களங்கள் நம் வீட்டிலிருந்து இரண்டு மூன்று மணி நேரத் தொலைவில்தான் இருக்கின்றன. மதுரைக்கு மருத்துவமனைக்கும் திருமணச் சாமான் வாங்கவும் போகும்போது அவற்றைக் கடந்துதான் போகிறோம். இறங்கிப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவிலும் பிரான்சிலும் புரட்சிப் போர் நடந்த இடங்களுக்கு மாணவர்களை வழிகாட்டியோடு அழைத்துப் போவது வழக்கமான கல்வி முறை. நம் ஊரில் மதரஸாவோ பள்ளிக்கூடமோ ஜமாஅத்தோ இதைச் செய்ய முடியாதா? முடியும். இரண்டு நாள், ஒரு வேன், விஷயம் தெரிந்த ஓர் ஆசிரியர் இருந்தால் போதும். எங்கே போவது, என்ன சொல்லிக் கொடுப்பது என்பதை இங்கே பார்ப்போம்.

நம் பள்ளத்தாக்கும் அந்தப் போரும்

பதினெட்டாம் நூற்றாண்டில் பெரியகுளம், போடி, உத்தமபாளையம், கம்பம் வட்டாரம் திண்டுக்கல் சீமையோடு சேர்ந்திருந்தது. போடிநாயக்கனூர், தேவாரம், எரசக்கநாயக்கனூர், கண்டமனூர், பெரியகுளத்தை அடுத்த வடகரை எல்லாம் அன்று பாளையங்கள். 1755-ல் ஹைதர் அலி திண்டுக்கல்லின் ஃபவுஜ்தாராகப் பொறுப்பேற்றார். பின்னாளில் மைசூரையே ஆண்ட அவருடைய வளர்ச்சி இங்கிருந்துதான் தொடங்கியது. அவருக்குப் பின் திப்பு சுல்தான் காலத்திலும் இந்தச் சீமை மைசூரின் கையில் இருந்தது. மூன்றாம் மைசூர்ப் போரில் கம்பெனிப் படை 1790-ல் திண்டுக்கல்லைப் பிடித்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையின்படி திப்பு அதை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. ஆங்கிலேயர் ஆட்சி நம் பள்ளத்தாக்குக்குள் வந்தது அப்படித்தான்.

ராவுத்தர் என்ற சொல்லுக்குக் குதிரை வீரர் என்று பொருள். அந்தப் பெயரைத் தாங்கிய குடும்பங்கள் நிறைந்த பகுதி இது. போர்க் குதிரைகள் ஓடிய காலத்தின் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போவது நியாயமா?

முதல் நாள்: திண்டுக்கல், விருப்பாச்சி

காலையில் புறப்பட்டால் பெரியகுளம், வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் போய்விடலாம். நகரின் நடுவே நிற்கும் பாறைக்கோட்டையை 1605-ல் கட்டத் தொடங்கியவர் மதுரை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர். இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது. மேலே ஏறினால் பீரங்கி மேடை, ஆயுதக் கிடங்கு, வீரர்கள் தங்கிய அறைகள், பழைய கோயில் எல்லாவற்றையும் காணலாம். பிள்ளைகளை உச்சியில் நிறுத்தி மேற்கே பழனி மலையையும் தெற்கே மதுரைச் சாலையையும் காட்டுங்கள். இந்த ஒரு பாறையை வைத்திருப்பவர் மதுரைக்கும் கொங்கு நாட்டுக்கும் போகும் வழிகளை ஏன் காவல் காக்க முடிந்தது என்பதை அவர்களே சொல்வார்கள். கோட்டையைப் பார்த்த பிறகு பேகம்பூர் பெரிய பள்ளிவாசலுக்குப் போகலாம். ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிஸா பேகத்தின் அடக்கத்தலம் அங்கே உள்ளது. ஊருக்குப் பேகம்பூர் என்ற பெயர் வந்ததும் அவரால்தான். லுஹர் தொழுகைக்கும் வசதியான இடம்.

மதியத்துக்கு மேல் ஒட்டன்சத்திரம் தாண்டி விருப்பாச்சி. 1772 ஜூன் மாதம் காளையார்கோயிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கம்பெனிப் படையாலும் ஆற்காட்டு நவாபின் படையாலும் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி வேலுநாச்சியார் மகளோடு தப்பி வந்து அடைக்கலம் புகுந்த பாளையம் இது. அமைச்சர் தாண்டவராய பிள்ளை ஹைதர் அலிக்கு உதவி கேட்டுக் கடிதம் எழுதினார். ஹைதர் உதவினார். எட்டு ஆண்டுக் காத்திருப்புக்குப் பின், 1780-ல் வேலுநாச்சியார் சிவகங்கையை மீட்டார். கணவனை இழந்த ஓர் இந்து அரசிக்கு ஒரு முஸ்லிம் ஆட்சியாளர் படை கொடுத்து உதவிய இந்த வரலாற்றைப் பெண் பிள்ளைகளிடம் நிதானமாகச் சொல்லுங்கள்.

இதே விருப்பாச்சியின் பாளையக்காரர் கோபால் நாயக்கர் 1800-ல் தமிழகம், மைசூர், மராட்டியப் பகுதிப் போராளிகளை ஒன்று சேர்த்தார். கோயம்புத்தூர் கோட்டையைத் தாக்க அவர்கள் குறித்த நாள் 1800 ஜூன் 3. அது முஹர்ரம் பத்தாம் நாள். திட்டம் முன்கூட்டியே வெளிப்பட்டது. பிடிபட்ட பலர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் இருந்தனர். கோபால் நாயக்கரும் 1801-ல் பிடிபட்டுத் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். விருப்பாச்சியில் அவருக்கு மணிமண்டபம் உள்ளது.

இரண்டாம் நாள்: சம்மட்டிபுரம், காளையார்கோயில், திருப்பத்தூர்

தேனியிலிருந்து மதுரை ஆரப்பாளையம் போகும் பேருந்துகள் காளவாசல் வழியாகத்தான் நுழைகின்றன. அதற்குச் சற்று முன்னால் இருப்பது சம்மட்டிபுரம். 1764 அக்டோபர் 15 அன்று கான்சாகிப் என்ற யூசுப்கான் தூக்கிலிடப்பட்ட இடம் அது. அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் 1808-ல் தர்கா எழுப்பப்பட்டது.

இராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்தவர் யூசுப்கான். கம்பெனியின் சிப்பாய்ப் படைக்குத் தளபதியாகி, மதுரையை நிர்வகிக்கும் பொறுப்பையும் பெற்றார். கண்மாய்களைச் செப்பனிட்டார். மீனாட்சியம்மன் கோயிலுக்குரிய மானியங்களை மீட்டுக்கொடுத்தார். நவாபுக்கும் கம்பெனிக்கும் பணியாமல் தனித்து நின்றபோது இரண்டு தரப்பும் சேர்ந்து மதுரையை முற்றுகையிட்டன. வெளியே இருந்த படையால் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. உள்ளே இருந்த சொந்த ஆட்களே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். கொன்ற பிறகும் அச்சம் தீராமல் உடலைத் துண்டாக்கிப் பல ஊர்களுக்கு அனுப்பியதாகச் சொல்லப்படுகிறது. தலை திருச்சிக்கும், கைகள் பாளையங்கோட்டைக்கும், கால்கள் நம் பெரியகுளத்துக்கும் வந்தன என்பது வழிவழியாக வரும் செய்தி. பெரியகுளம் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டாமா?

அங்கிருந்து சிவகங்கை வழியாகக் காளையார்கோயில். மருது சகோதரர்களின் அடக்கத்தலம் அங்கே உள்ளது. 1801 ஜூன் 16 அன்று சின்ன மருது திருச்சியில் ஒட்டச் செய்த அறிக்கை எல்லாச் சாதியாரையும் முஸ்லிம்களையும் கம்பெனிக்கு எதிராக எழும்படி அழைத்தது. அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் அவர்கள் தூக்கிலிடப்பட்டனர். எஞ்சியவர்களில் எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802-ல் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். சபுராளிகளாகப் பினாங்குக்குப் போன உறவினர்கள் உள்ள குடும்பங்கள் நம்மிடையே உண்டு. விலங்கோடு அங்கே போனவர்களும் உண்டு என்பதைப் பிள்ளைகள் அறியட்டும்.

கோடை விடுமுறையில் நேரம் இருந்தால் வேலூருக்கும் போகலாம். 1806 ஜூலை 10 அதிகாலையில் இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் சேர்ந்து அந்தக் கோட்டையைக் கைப்பற்றித் திப்புவின் கொடியை ஏற்றினார்கள். புதிய தலைப்பாகை அணிய வேண்டும், நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவுகள் அந்தக் கோபத்தைக் கிளப்பின. ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை அன்றே அதை அடக்கி நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றது.

பிள்ளைகள் கேட்கும் கடினமான கேள்விகள்

இந்தப் பயணத்தின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. யூசுப்கானை "நம்மவர்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், ஒரு புத்திசாலிப் பிள்ளை கேட்கும்: "அவர் முதலில் கம்பெனிக்காகப் பூலித்தேவரை எதிர்த்துப் போரிட்டாரே?" ஆம், போரிட்டார். "அவரைத் தூக்கில் போட்ட ஆற்காட்டு நவாப் முகம்மது அலியும் முஸ்லிம்தானே?" ஆம். "மருதுகளைப் பிடிக்கக் கம்பெனிக்கு உதவியவர்களில் தமிழ்ப் பாளையக்காரர்களும் இருந்தார்களே?" அதுவும் உண்மைதான்.

இந்தக் கேள்விகளுக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். இந்தப் போரில் மதம் எல்லைக்கோடாக இருக்கவில்லை. நவாப் கம்பெனியின் பக்கம் நின்றார். ஹைதர் அலி எதிர்ப்பக்கம். வேலுநாச்சியாரும் கோபால் நாயக்கரும் ஹைதரின் பக்கம். யார் எந்த மதம் என்பதைவிட, யார் எதற்காக, யாருக்கு எதிராக நின்றார்கள் என்பதே அன்று பக்கத்தைத் தீர்மானித்தது. முஸ்லிம்கள் இந்த மண்ணுக்கு அந்நியர் என்று ஒரு சிலர் பேசும்போது, நம் பிள்ளை கோபப்படாமல், சான்றோடு, நிதானமாகப் பதில் சொல்ல இந்தத் தெளிவு தேவை. வாட்ஸ்அப்பில் வரும் மிகைப்படுத்திய பெருமைச் செய்திகள் அந்தத் தெளிவைத் தராது. ஒரு பொய் சேர்ந்தாலும் அதோடு சொன்ன உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஏற்பாடு செய்பவர்கள் கவனிக்க

வழிகாட்டி முக்கியம். கதை தெரியாதவருக்குத் திண்டுக்கல் கோட்டை வெறும் பாறை. பகுதிக் கல்லூரிகளில் வரலாறு நடத்தும் பேராசிரியர்களையோ ஓய்வுபெற்ற ஆசிரியர்களையோ அழையுங்கள். புறப்படுவதற்கு முந்தைய வாரம் ஒரு மணி நேர வகுப்பு நடத்தி, வரைபடத்தில் ஊர்களைக் குறிக்கச் செய்யுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெயரைக் கொடுங்கள். வேலுநாச்சியார், யூசுப்கான், கோபால் நாயக்கர், ஹைதர் என்று அந்தந்த இடத்தில் அந்தப் பிள்ளையே இரண்டு நிமிடம் பேசட்டும். வரலாற்றாசிரியர் இராசய்யன் 1800-1801 கிளர்ச்சி பற்றி எழுதிய நூல் ஆசிரியர்களுக்குப் பயன்படும்.

கோட்டை திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பாறை ஏற்றத்தைக் காலை வெயிலுக்கு முன் முடித்துவிடுவது நல்லது. குடிநீர் அவசியம். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கீழேயே இருக்கலாம். தொழுகையைக் கஸ்ராகத் தொழுவதா என்பது தொலைவைப் பொறுத்தது. திண்டுக்கல்லும் மதுரையும் நம் ஊர்களிலிருந்து எல்லைக்கோட்டை ஒட்டி வரும் தொலைவு என்பதால் உங்கள் இமாமிடம் முன்பே கேட்டுத் தெளிவாகுங்கள். தர்காக்களுக்குப் போவதில் நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதில் உடன்பாடில்லாத குடும்பங்களும் சம்மட்டிபுரத்தை வரலாறு நடந்த இடமாகப் பார்த்து வரலாம். கோயில் வளாகங்களை ஒட்டிய இடங்களில் அங்குள்ள ஒழுங்கை மதித்து நடக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சுவரில் பெயர் கிறுக்குவது, கல்லைப் பெயர்ப்பது எங்கேயும் கூடாது.

முடிந்தால் அக்கம்பக்கத்து இந்து, கிறிஸ்தவக் குடும்பங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இது அவர்களின் வரலாறும்தான். ஒரே வேனில் போய், ஒரே கோட்டையில் ஏறி, ஒரே கதையைக் கேட்டுத் திரும்பும் பிள்ளைகள் நாளை ஒருவரைப் பற்றி ஒருவர் சொல்லப்படும் பொய்களை எளிதில் நம்ப மாட்டார்கள்.

பூமியில் பயணம் செய்து முன்சென்றவர்களின் முடிவைப் பார்க்கும்படி குர்ஆன் பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. வரும் விடுமுறையில் ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு வேனையாவது திண்டுக்கல்லுக்கு அனுப்பட்டும். செலவு அதிகம் இல்லை. பெரியவர்கள் முடிவெடுத்தால், இன்ஷா அல்லாஹ், நடக்கும்.