படிவத்திலும் "சுகம்" என்றா எழுதுவது?



யார் நலம் விசாரித்தாலும் "அல்ஹம்துலில்லாஹ், சுகம்" என்கிறோம். நல்ல பண்புதான். ஆனால் உளவளத்துணையாளர் தரும் வினாக்கொத்திலும் அதே பதிலை எழுதலாமா?

காய்ச்சலுக்கு வெப்பமானி உண்டு. சீனி வியாதிக்கு இரத்தப் பரிசோதனை உண்டு. மனப்பாரத்துக்கோ, அதைச் சுமப்பவரின் சொல்லே பிரதான அளவுகோல். சிகிச்சை பலன் தருகிறதா என்று பார்க்கவே, ஒரே வினாக்களை இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் கேட்கிறார்கள்.

உலகெங்கும் பயன்படும் பி.எச்.கியூ. 9 என்ற வினாக்கொத்தைப் பாருங்கள். 1990களின் இறுதியில் அமெரிக்காவில் உருவானது. கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம், பசி, களைப்பு, கவலை, எதிலும் நாட்டமின்மை போன்றவை எத்தனை நாள் வாட்டின என்று 9 வினாக்கள். "இல்லவே இல்லை" என்றால் 0. "அநேகமாக எல்லா நாளும்" என்றால் 3. மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டும். ஆனாலும் நோயைத் தீர்மானிப்பவர் டொக்டரே. உதாரணமாக, முதலில் 17 பெற்றவர் சில வாரங்களில் 11க்கு வந்தால் அது நல்ல அடையாளம். 5 புள்ளிகளாவது குறைந்தால்தான் குறிப்பிடத்தக்க மாற்றம் என்பர்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு சகோதரி, மாமி பக்கத்தில் இருக்கிறாரே என்று எல்லாவற்றுக்கும் 0 போட்டால், பிறகு குறைவதற்கு என்ன மிஞ்சும்? உதவி தேவையில்லை என்றல்லவா அந்தத் தாள் சொல்லும்! வேறு சிலர், பாடுபடும் உளவளத்துணையாளர் மனம் நோகக் கூடாதென்று குறைத்துப் போடுவார்கள். அதுவும் அவரை வழிதவற வைக்கும்.

மூன்றாம் தடவை புள்ளி கூடினால், "போனதால்தான் மோசமானது" என்று வீட்டார் முடிவு கட்ட வேண்டாம். நோய் கூடியிருக்கலாம், அல்லது நம்பிக்கை வந்து, மறைத்ததை இப்போதுதான் சொல்லியிருக்கலாம். குறைந்தாலும் முழுப் பெருமையும் சிகிச்சைக்கே உரியதல்ல. வெளிநாட்டிலிருந்து மகன் வந்து சேர்ந்ததும் காரணமாகலாம். எனவே எண்ணுக்குப் பின்னால் நடந்ததையும் பேச வேண்டும்.

கணவன்மாரே, மாமிமாரே! அவர் தனியே நிரப்பட்டும். தமிழ்ப் படிவம் கேளுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் உளவளத்துணையாளரே வாசித்துக் காட்டட்டும். மகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். உம்மா மகளிடம் எல்லாவற்றையும் சொல்ல மாட்டார்.

ஒன்பதாவது வினா, செத்துவிடலாம் என்ற எண்ணம் பற்றியது. அதில் 0 தவிர எது வந்தாலும் மொத்தப் புள்ளியைப் பார்த்திருக்க வேண்டாம். அன்றே டொக்டரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல உதவித் தொலைபேசி எண் 1926.

ஐயூப் நபி (அலை) அவர்கள் தம் துன்பத்தை இறைவனிடம் வாய்விட்டே முறையிட்டார்கள். அதனால் அவர்களின் பொறுமை குறைந்துவிடவில்லை. புகழ் இறைவனுக்கு. படிவத்தில் எழுதுவதோ சாட்சியம். சாட்சியம் உண்மையாகவே இருக்கட்டும்.