உங்களுக்குத் தெரியுமா? சாய்வு சைக்கிளும் ஒரு சிறு உருளையும்

★ நாற்காலியில் சாய்ந்து, காலை முன்னே நீட்டி மிதிக்கும் ரிகம்பன்ட் சைக்கிளில் பெடல் ஒரு கோடியில் இருக்கும், பின்சக்கரம் மறு கோடியில். நீளமான வண்டி என்றால் இரண்டு மூன்று செயின்களைக் கோத்தால்தான் எட்டும்.

★ அவ்வளவு நீளச் செயின் இருக்கைக்கு அடியில் வளைந்து போக, நடுவே ஓர் உருளை தாங்கிப் பிடிக்கிறது. இதன் பெயர் ஐட்லர். சாதாரண சைக்கிளில் இது கிடையாது என்பதால் தெருமுனைக் கடையில் மாற்று உருளை கிடைப்பது அபூர்வம்.

★ பார்க்கச் சின்னது, சுமப்பது பெரிது. கிராங்க் 170 மி.மீ., முன் பல்சக்கரத்தில் 50 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலால் 50 கிலோ அழுத்தினால் செயினில் ஏறும் இழுவிசை சுமார் 84 கிலோ. உருளையில் செயின் 20 டிகிரி திரும்பினாலே அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 29 கிலோ, உருளையின் அச்சில் விழும். மேட்டில் ஏற 30 பல் சக்கரத்துக்கு மாற்றினால் இழுவிசை 140 கிலோவைத் தொடும். முதுகை இருக்கையில் ஊன்றி மிதிப்பவர், தன் எடையைவிட அதிகமாகவே அழுத்த முடியும். உருளையின் பல் ஏன் உடைகிறது என்பது இப்போது புரியும்.

★ பின்சக்கரத்தை இழுப்பது செயினின் மேல் ஓட்டம். கீழே திரும்பி வருவது தளர்ந்த ஓட்டம். இரண்டுக்கும் தனித்தனி உருளை உள்ள வண்டியில், வழியில் மேல் உருளையின் பல் உடைந்தால், கீழ் உருளையும் அதே அளவா என்று பாருங்கள். அளவு ஒத்திருந்தால் இரண்டையும் இடம் மாற்றி, மெதுவாக மிதித்து வீடு சேரலாம்.

★ ஐட்லர் எதையும் இழுப்பதில்லை, செயினைத் திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான். அதனால் பல்லே இல்லாத, பள்ளம் வெட்டிய உருளையும் வேலை செய்யும். லேத் பட்டறையில் கடைந்து தரச் சொல்லலாம். நைலான் ஈரத்தை உறிஞ்சி உப்பும். அசிட்டால் பிளாஸ்டிக் மேல்.

★ கரகரவென்று சத்தம் வந்தால் முழு உருளையையும் தூக்கி எறிய வேண்டாம். தேய்ந்தது பேரிங் மட்டுமாக இருக்கலாம். அதன் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் படியுங்கள். 608 என்றிருந்தால் உள்துளை 8 மி.மீ., வெளிவிட்டம் 22, அகலம் 7. ஸ்கேட்டிங் சக்கரத்தில் இருப்பதும் அதே பேரிங்தான்.

★ 1933-இல் பாரிஸில் பிரான்சிஸ் ஃபோர் என்பவர், சார்ல் மோஷே வடிவமைத்த சாய்வு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓட்டினார். 1914 முதல் நிலைத்திருந்த சாதனை உடைந்தது. மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் இந்த வகை வண்டியைப் பந்தயங்களிலிருந்து விலக்கிவிட்டது. அந்தத் தடை இல்லாதிருந்தால் ஐட்லர் இன்று எல்லாக் கடைகளிலும் தொங்கியிருக்கும் என்றே நம்புகிறேன்.

★ செயினில் தேய்வது தகடு அல்ல, கண்ணிகளின் ஆணி. அதனால்தான் செயின் நீள்கிறது. தேய்ந்த செயின் புது உருளையின் பல்லையும் அரித்துவிடும். ஆகவே உருளையை மாற்றும் அன்றே 24 கண்ணிகளை அளந்து பாருங்கள். புதிதில் 304.8 மி.மீ. இருக்கும். 306.5-ஐத் தாண்டியிருந்தால் செயினையும் மாற்றிவிடுங்கள்.