படிப்பு இலவசம் - படுக்க இடம்?

"ஜெர்மனியில் படிப்புக்குக் கட்டணமே கிடையாதாம்!"

இந்த ஒரு வாக்கியம் இன்று தமிழகத்தின் பொறியியல் கல்லூரி வாயில்களிலே துண்டறிக்கையாகப் பறக்கிறது. பேருந்து நிலையச் சுவர்களிலே பதாகையாகத் தொங்குகிறது. பத்துப் பவுன் நகையை வங்கியிலே வைத்துவிட்டுத் திரும்பும் தாயின் காதிலே தேனாகப் பாய்கிறது. பொய்யா? பொய்யன்று. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் மிகப் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 இல் அந்த வழிக்கு வந்துவிட்டது. ஆயினும் மற்ற இடங்களிலே ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் வகுப்பறைக் கதவு திறந்தே இருக்கிறது. அதை நாம் வாழ்த்துகிறோம், வரவேற்கிறோம்.

வகுப்பறைக் கதவு திறந்திருக்கிறது, சரி. மாலையிலே வகுப்பு முடிந்ததும் அந்தப் பிள்ளை எந்தக் கதவைத் திறக்கும்?

துண்டறிக்கை இதைச் சொல்வதில்லை. துண்டறிக்கை அச்சிட்ட தரகரும் சொல்வதில்லை. தகப்பனாரும் கேட்பதில்லை - "இவ்வளவு பெரிய பல்கலைக்கழகம், தங்க இடம் தராமலா இருக்கும்?" என்று எண்ணிக்கொள்கிறார். நம் ஊர்க் கல்லூரியில் விடுதி உண்டு, மெஸ் உண்டு, வார்டன் உண்டு. அங்கே பல்கலைக்கழகம் பாடம் நடத்தும், படுக்கை போடாது.

கணக்கைப் பார்ப்போம். விசா கேட்கும் மாணவர் ஓராண்டுச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே ஒரு முடக்கக் கணக்கிலே போட்டுக் காட்டவேண்டும். 2024 இல் அந்தத் தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது. நம் பணத்திலே பன்னிரண்டு இலட்ச ரூபாய் அளவு! மாதம் 992 யூரோ வீதம் அது திரும்பக் கைக்கு வரும். அந்த 992 வானத்திலிருந்து குதித்த எண்ணல்ல. ஜெர்மன் அரசு தன் நாட்டு வசதியற்ற மாணவருக்கு வழங்கும் உதவித் தொகையின் உச்ச அளவு அது. அந்தக் கணக்குக்குள்ளே வாடகைக்கென்று அவர்கள் ஒதுக்கியது எவ்வளவு தெரியுமா? 380 யூரோ!

380 யூரோவுக்கு அறை எங்கே? கிழக்கே கெம்னிட்ஸ் நகரத்திலே கிடைக்கும். மியூனிக்கிலே, சமையலறையையும் குளியலறையையும் நான்கு பேரோடு பகிர்ந்துகொள்ளும் வீட்டிலே, ஒரே ஓர் அறைக்குச் சராசரி வாடகை 700 யூரோவைத் தாண்டிவிட்டது. 992 இல் 700 போனால் 292. மருத்துவக் காப்பீட்டுக்கு நூறு யூரோவுக்கு மேல் கட்டாயம் கட்டவேண்டும். மீதியிலே தின்னவேண்டும், திரியவேண்டும், பனிக்கு உடுத்தவேண்டும். அரசு குறித்த தொகை விசா அதிகாரியைத் திருப்திப்படுத்தும், வீட்டுக்காரரைத் திருப்திப்படுத்தாது.

விடுதிகளே இல்லையா என்பீர்கள். உண்டு. அவற்றுக்கு உயர்ந்த வரலாறும் உண்டு. முதல் உலகப்போர் முடிந்து நாடு பட்டினி கிடந்த வேளையிலே மாணவர்களே முன்னின்று உணவுக்கூடம் நடத்தினார்கள், உறைவிடம் தேடினார்கள். 1921 இல் டியூபிங்கன் நகரில் நாடு தழுவிய உதவி அமைப்பாக அது உருக்கொண்டது. அதன் வழிவந்த மாணவர் நல அமைப்புகள்தாம் இன்றும் மலிவு விலைச் சாப்பாட்டுக் கூடங்களையும் விடுதிகளையும் நடத்துகின்றன. ஆனால் அங்கே படிப்போர் இருபத்தெட்டு இலட்சத்துக்கு மேல். இந்த விடுதிகளில் உள்ள இடமோ இரண்டு இலட்சத்தை ஒட்டி. பத்தில் ஒருவருக்குக்கூடக் காணாது! மியூனிக்கின் பிரைமான் பகுதியிலே 'மாணவர் நகரம்' என்றே பெயர் பெற்ற பெருங்குடியிருப்பு இருக்கிறது. 2021 இல் அங்கே தீவிபத்து நேர்ந்தது. ஓர் உயிர் போயிற்று. அதற்குப் பிறகு ஆயிரத்துக்கு மேற்பட்ட அறைகள் ஆண்டுக்கணக்கிலே பூட்டிக் கிடந்தன. வெளியே அறை தேடி அலையும் மாணவர் கூட்டம். உள்ளே ஆளற்ற அடுக்கு மாடிகள். திட்டமிடுதலில் உலகுக்கே ஆசான் என்று பெயரெடுத்த நாட்டிலே இந்தக் காட்சி!

அறை இல்லையென்றால் அல்லல் அதோடு முடிகிறதா? குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்திலே முகவரியைப் பதியவேண்டும் என்பது சட்டம். பதிவதற்கு வீட்டுக்காரர் கையொப்பமிட்ட சான்று வேண்டும். பதியாவிட்டால் வரி எண் வராது, தங்கும் உரிமைச் சீட்டுக்கும் தடங்கல். நண்பன் அறையிலே பாய் விரித்துப் படுத்திருப்பவனுக்கு யார் சான்று தருவார்? இந்த அவசரத்தை அறிந்துதான் மோசடிக்காரன் வலை விரிக்கிறான். அழகான அறை, அடிமாட்டு வாடகை, அற்புதமான படங்கள். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புங்கள், சாவி தபாலில் வரும்" என்கிறான். பணம் போகும். சாவி வராது. உண்மையான வீட்டுக்காரரிடம்கூட முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் இடந்தராது - அதுவும் வெப்பச் செலவு முதலியன சேர்க்காத வாடகை - அதையும் மூன்று தவணையாகக் கட்ட உரிமை உண்டு. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய சென்னைவாசிக்கு இது வியப்பாக இருக்கும். ஆகவேதான் நம் பிள்ளைகள் கேட்ட தொகையைக் கேள்வி கேட்காமல் கொடுத்துவிடுகிறார்கள்.

பணம் இருந்தால் மட்டும் போதுமா? பெயரும் பார்க்கிறார்கள். 2017 இல் அந்நாட்டின் இரு செய்தி நிறுவனங்கள் கூடி ஒரு சோதனை நடத்தின. வாடகை வீடு கேட்டு ஏறத்தாழ இருபதாயிரம் மடல்கள் எழுதின. படிப்பும் வருமானமும் ஒன்றுபோல். பெயர் மட்டும் வேறு. ஜெர்மானியப் பெயருக்கு வீடு பார்க்க அழைப்பு வந்தது; அரபுப் பெயருக்கும் துருக்கியப் பெயருக்கும் அடிக்கடி மௌனம் வந்தது. 2006 முதல் அங்கே சமத்துவச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருந்தும் இந்தக் கதி. நாம் கண்டிக்கிறோம். கண்டிக்கும்போதே நம் தெருவையும் நினைத்துப் பார்க்கிறோம். "நீங்கள் சைவமா?" என்ற கேள்வியால் சாதியைத் துழாவிப் பார்த்துவிட்டு, "வீடு நேற்றே போய்விட்டது" என்று கதவடைக்கும் கனவான்கள் மயிலாப்பூரிலும் உண்டு, மதுரையிலும் உண்டு. அந்தக் கதவின் உட்புறமிருந்து போன பிள்ளைக்கு, வெளிப்புறத்தில் நிற்பது எப்படியிருக்கும் என்பது அங்கேதான் முதன்முதலாகப் புரிகிறது.

அறை கிடைத்தது என்றே கொள்வோம். தனி வீடென்றால் சமையலறை இருக்கவேண்டிய இடத்திலே நான்கு வெற்றுச் சுவர்களே இருக்கலாம். குடியிருந்தவர் அடுப்பையும் அலமாரியையும் விளக்கையும்கூடக் கழற்றிக்கொண்டு போவது அங்கே வழக்கம். பகிர்வு வீடென்றால், உடன் வாழப்போகிறவர்களே நேர்காணல் நடத்துவார்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஓசை கூடாது. கடுங்குளிரிலும் சன்னலைத் திறந்து காற்று மாற்றவேண்டும், இல்லையேல் சுவரிலே பூஞ்சை பூக்கும். பூத்தால் முன்பணத்திலே கைவைப்பார்கள். ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும்; சனியன்றே அரிசி வாங்காதவன் பாடு பட்டினிதான்.

இவையெல்லாம் பத்து நாளிலே பழகிவிடும். பழகாத ஒன்று இருக்கிறது. அந்த வீட்டின் குளிர்பெட்டிக் கதவிலே ஒரு தாள் ஒட்டியிருக்கும். இந்த வாரம் குப்பை யார், அடுப்படி யார், கழிப்பறை யார் என்று முறை போட்டிருக்கும். பேராசிரியர் மகளும் அதிலே இருப்பாள். வங்கி மேலாளர் மகனும் இருப்பான். நம் பிள்ளையின் பெயரும் இருக்கும். தின்ற தட்டைத் தாய் எடுக்க, உடுத்த சட்டையைத் தமக்கை துவைக்க, கழிப்பறையைக் கழுவ யாரோ ஒருவர் கொல்லைப்புறமாக வந்துபோக, பட்டம் வரைக்கும் படித்து முடித்த பிள்ளை அந்தத் தாளின் முன்னே திகைத்து நிற்கிறது. "எங்கள் வீட்டுப் பையன் கக்கூஸ் கழுவுவதா?" என்று தொலைபேசியிலே விம்முகிற தாய்மாரையும் கேள்விப்படுகிறோம். ஏனம்மா கழுவக்கூடாது? அவன் பயன்படுத்தியதை அவன் கழுவுகிறான். இதிலே இழிவு எங்கே வந்தது? அந்த வேலைக்கென்று ஒரு குலத்தையே ஒதுக்கி வைத்தோமே, அதுவன்றோ இழிவு! பெண்ணைப் பெற்றவர்கள் இந்தத் தொல்லையில் விழுவதில்லை. அவளுக்கு எல்லா வேலையும் எட்டு வயதிலேயே கற்றுக்கொடுத்துவிட்டார்கள். பையனுக்கும் விமானச் சீட்டு வாங்குமுன் துடைப்பத்தைக் கொடுங்கள். சாம்பாருக்குப் புளி எவ்வளவு என்று சொல்லிக்கொடுங்கள்.

"வேலை பார்த்துச் சமாளித்துக்கொள்ளலாம்" என்கிறார் தரகர். ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம் என்று 2024 இல் விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள், உண்மை. ஆனால் ஜெர்மன் மொழி பேசத் தெரியாதவனுக்கு முதல் மாதமே வேலை கொடுக்க எந்தக் கடைக்காரர் காத்திருக்கிறார்?

2023-24 குளிர்காலப் பருவத்திலே அங்கு படித்த இந்திய மாணவர் 49,000-க்கு மேல். பிறநாட்டு மாணவரில் முதலிடம் நம்மவர்க்கே. கைத்திறனாளர் இல்லை, பொறியாளர் இல்லை, வாருங்கள் வாருங்கள் என்று அழைக்கிறது ஜெர்மன் அரசு. அழைக்கிறவர் கூரையும் போட்டுவைக்க வேண்டாமா? இங்கே, கட்டணமில்லாக் கல்வி என்று விளம்பரம் செய்கிற ஒவ்வொரு தரகரும் அந்த நகரத்து அறை வாடகையை அதே பதாகையில், அதே பருமனான எழுத்திலே அச்சிடவேண்டும் என்று அரசு கட்டளையிடட்டும். அயலகத் தமிழர் நலத் துறை, அங்குள்ள தமிழ் மன்றங்களைத் துணைக்கொண்டு, வாடகை விளம்பரம் மெய்யா பொய்யா என்று நேரில் பார்த்துச் சொல்ல ஓர் ஏற்பாடு செய்யட்டும். முதல் மாதம் தங்க நகரத்துக்கு நாலு அறையாவது பிடித்து வைக்கட்டும். குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது; விடுதி இடத்துக்கு மாணவர்கள் மாதக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். இந்த ஆண்டு போகிறவர்கள் சேர்க்கைக் கடிதம் வந்த அன்றைக்கே விடுதிக்கு விண்ணப்பம் போடுங்கள். மாலை வாங்குவதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.