ஊராட்சி அலுவலகக் கணிப்பொறியும் கட்டளைப் பட்டிகளும்

கணிப்பொறி இல்லாத ஊராட்சி அலுவலகத்தை இன்று காண்பது அரிது. கிராம சபைக் கூட்ட அறிவிப்பு, பொருள் நிரல், வேலைகளின் ஜாபிதா, மேலிடத்துக்கு எழுதும் கடிதம் முதலியன அதில்தான் தயாராகின்றன. ஆயினும் அதனைக் கையாளத் தெரிந்தவர் பல ஊர்களில் ஒருவரோ இருவரோதான். அவர் விடுமுறையில் சென்றுவிட்டால், ஒரு பக்க அறிவிப்புக்காகக் கடைத்தெருத் தட்டச்சு நிலையத்துக்கு ஆள் அனுப்பும் பஞ்சாயத்துகளை நாம் அறிவோம். அங்கத்தினர்களைக் கேட்டால், "ஏதேதோ பட்டியல் விழுகிறது, எதைத் தொடுவதென்று விளங்கவில்லை" என்கிறார்கள். அந்தப் பட்டியல்களைப் பற்றியே இங்குச் சில கூற விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய வட்டாரத்தில் ஒரு சம்பவம் நிகழ்ந்தது. ஓர் ஊராட்சியில், ஜனவரி 26ஆம் தேதிக் கிராம சபைக்காக, தூர்வார வேண்டிய வாய்க்கால்களையும் அவற்றின் புல எண்களையும் கொண்ட ஜாபிதா ஒன்று தயாராயிற்று. மே 1ஆம் தேதிக் கூட்டத்துக்கு அறிவிப்பு எழுத வேண்டி வந்தபோது, பொறுப்பிலிருந்தவர் பழைய ஆவணத்தையே திறந்து, தேதியை மாற்றி, ஜாபிதாவை நீக்கி, புதிய விஷயங்களை எழுதி, 'சேவ்' என்னும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். பழைய ஜாபிதா அத்துடன் போயிற்று. அச்சுப் பிரதியும் அகப்படவில்லை. விவசாயிகளை அழைத்துக்கொண்டு வாய்க்கால் வாய்க்காலாக நடந்து, அதனை மறுபடி எழுதி முடிக்க மூன்று நாட்கள் பிடித்தன. இதில் குற்றம் முழுவதும் அவருடையதென்று நாம் கருதவில்லை. 'சேவ்' கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. அவருக்கு உண்மையில் வேண்டியிருந்த கட்டளையோ பட்டிக்குள் பட்டியாக மறைந்து கிடந்தது.

முற்காலத்து எழுத்துச் செயலிகளில் கட்டளைகளை மனப்பாடம் செய்யவேண்டியிருந்தது. 'வோர்ட்ஸ்டார்' என்ற செயலியில் எழுதியதைச் சேமிக்க, 'கன்ட்ரோல்' விசையுடன் 'கே' என்ற எழுத்தையும் அடுத்து 'எஸ்' என்ற எழுத்தையும் அழுத்துவார்கள். 1983ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட 'லிசா' கணிப்பொறியில், திரையின் மேல் விளிம்பில் சில தலைப்புகள் வரிசையாக நின்றன. தலைப்பைச் சுட்டினால் அதற்குரிய கட்டளைகள் கீழிறங்கி விரிந்தன. இம்முறையை உருவாக்கியதில் பில் அட்கின்சன் என்ற பொறியாளருக்குப் பெரும் பங்குண்டு. மறு ஆண்டு வெளிவந்த 'மேக்கின்டாஷ்' இதனை நன்கு பரப்பியது. நினைவில் சுமக்க வேண்டியதைக் கண்ணால் கண்டு தேர்ந்தெடுக்கலாம் என்றாயிற்று. ஆனால் செயலியின் வசதிகள் பெருகப் பெருகப் பட்டிகளும் நீண்டன. வேண்டாத நூறு கட்டளைகளுக்கு நடுவே வேண்டிய ஒன்றைத் தேடும் தொல்லை வந்து சேர்ந்தது.

விலையின்றிக் கிடைக்கும் 'லிப்ரே ஆபீஸ்' தொகுப்பிலுள்ள 'ரைட்டர்' என்ற எழுத்துச் செயலியை எடுத்துக்கொள்வோம். அதன் பட்டியைப் படிக்கச் சில அடையாளங்கள் தெரிந்தால் போதும். கட்டளையின் பெயருக்குப் பின் மூன்று புள்ளிகள் இருந்தால், அது உடனே எதையும் செய்துவிடாது. வேறொரு சாளரத்தைத் திறந்து நம் விருப்பத்தைக் கேட்கும். சிறு அம்புக்குறி இருந்தால் உள்ளே இன்னொரு பட்டி உண்டு. பெயர் மங்கலாகத் தெரிந்தால், அந்த நேரத்தில் அக்கட்டளைக்கு வேலையில்லை என்று பொருள். எழுத்து எதையும் தெரிவு செய்யாதபோது 'காப்பி' மங்கிக் கிடப்பது இதனால்தான். வலப்புறத்தில் காண்பது அதே வேலைக்குரிய விசைக் குறுக்குவழி. பட்டியைத் திறந்து பார்ப்பதால் ஆவணத்துக்கு யாதொரு கேடும் இல்லை. 'எஸ்கேப்' விசையை அழுத்தினால் அது மூடிக்கொள்ளும். இதனை அறியாமல் அஞ்சியே பலர் விலகி நிற்கின்றனர்.

இனி, நமக்கென்று ஒரு பட்டி அமைத்துக்கொள்ளும் முறையைச் சொல்வோம். நம் வீட்டுப் பெண்கள் அன்றாடம் வேண்டும் கடுகையும் மிளகையும் அஞ்சறைப் பெட்டியில் வைத்து, மற்றவற்றைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள் அல்லவா? கணிப்பொறியிலும் அதனைச் செய்யலாம். 'டூல்ஸ்' தலைப்பின் கீழ் 'கஸ்டமைஸ்' என்ற கட்டளை இருக்கிறது. அது திறக்கும் சாளரத்தில் 'மெனுஸ்' என்ற பகுதிக்குச் செல்லவேண்டும். இடப்புறம் செயலி அறிந்த கட்டளைகள் யாவும் காணப்படும்; வலப்புறம் நாம் அமைக்கும் பட்டி. வலப்புறத்தின் மேலே, பட்டியின் பெயருக்கு அருகிலுள்ள சிறு பொத்தானை அழுத்திப் புதிய பட்டியொன்றைச் சேர்த்து, அதற்கு 'ஊராட்சி' என்று பெயரிடலாம். பின்னர் வேண்டிய கட்டளையை இடப்புறத்தில் தெரிவு செய்து, நடுவிலுள்ள அம்பினால் வலப்புறத்துக்கு அனுப்பவேண்டும். மேல், கீழ் அம்புகளால் வரிசையை மாற்றலாம். பெயரையும் தமிழில் மாற்றி எழுதலாம்.

எந்தக் கட்டளைகளைச் சேர்ப்பது? ஐந்தாறு போதும் என்பது நம் கருத்து. இருபது சேர்த்தால் பழைய தொல்லையே திரும்பும். முதலிடம் 'டெம்ப்ளேட்', அதாவது மாதிரிப் படிவக் கட்டளைகளுக்கு. கூட்ட அறிவிப்பின் மாறாத பகுதிகளை மட்டும் எழுதி, அதனை மாதிரிப் படிவமாக ஒருமுறை சேமித்துவிட்டால், அடுத்தடுத்து அதிலிருந்து பெறுவதெல்லாம் பெயரில்லாத புது ஆவணமாகவே வரும். 'சேவ்' கொடுத்தாலும் புதுப்பெயரைக் கேட்குமேயன்றி, பழையதன்மேல் எழுதாது. மேற்சொன்ன ஊராட்சியில் இவ்வேற்பாடு இருந்திருப்பின் மூன்று நாள் நடை மிஞ்சியிருக்கும். வேறு பெயரில் சேமிக்கும் 'சேவ் ஆஸ்', பி.டி.எப். ஆக்கும் கட்டளை, அட்டவணை சேர்ப்பது, அச்சிடுவது ஆகியவை அடுத்து வரலாம். அடிக்கடி எழுதும் வாசகங்களைச் சேர்த்துவைத்து வேண்டும்போது இறக்கித்தரும் 'ஆட்டோடெக்ஸ்ட்' என்பதையும் நாம் பெரிதும் விரும்புகிறோம்.

தமிழ்ப் பெயரிடும்போது யூனிகோடு முறையில் தட்டச்சு செய்தல் அவசியம். தமிழக அரசு 2010ஆம் ஆண்டிலேயே இம்முறையை ஏற்றுள்ளது. எனினும் பழைய எழுத்துருக்களில் பழகிய கைகள் அதை எளிதில் விடுவதில்லை. அவ்வெழுத்துருக்களில் எழுதியது பட்டியில் ஏறினால் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகவே தோன்றும்.

மற்றொன்று, புதிய பட்டி எங்கே குடியிருக்கிறது என்பது. அதே சாளரத்தில் 'ஸ்கோப்' என்ற இடத்தில் செயலியின் பெயரைத் தெரிவு செய்தால், அந்தக் கணிப்பொறியில் அந்தப் பயனருக்குத் திறக்கும் 'ரைட்டர்' ஆவணங்களிலெல்லாம் பட்டி தோன்றும். கணிப்பொறி மாறினால் கூட வராது. ஆவணத்தின் பெயரைத் தெரிவு செய்தால், பட்டி அந்த ஆவணத்துடனேயே செல்லும். வேறு கணிப்பொறியில் அதைத் திறந்தாலும் தென்படும். ஆனால் 'ரைட்டரின்' சொந்த வடிவமாகிய ஓ.டி.டி. வடிவில் சேமித்தால்தான் இது நிலைக்கும். 'வோர்ட்' வடிவுக்கு மாற்றிச் சேமித்தால் பட்டி அதனுடன் செல்லாது.

ஏதேனும் தவறிப்போய்ப் பட்டிகள் குழம்பிவிட்டாலும் கவலையில்லை. ஆதி நிலைக்குத் திருப்பும் பொத்தானும் அச்சாளரத்திலேயே உண்டு. அது நாம் சேர்த்தவற்றையும் சேர்த்து அகற்றிவிடுமாதலால், பட்டியில் வைத்த கட்டளைகளின் பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, அலுவலக அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைப்பது நலம். புதிதாக வரும் செயலர் அரை மணி நேரத்தில் அதனைத் திரும்ப அமைத்துக்கொள்வார்.