வில்லி என்று யார் சொன்னது?

பிக் பாஸ் வீட்டில் நாமினேஷன் நடக்கும்போது சொல்லப்படும் காரணங்களைக் கவனித்திருக்கிறீர்களா? "யாரோடும் மிங்கிள் ஆகல." "சேஃப் கேம் ஆடுறாங்க." "பாத்திரம் கழுவுற டீம்ல இருந்துட்டு அந்தப் பக்கமே வரல." செல்போன், செய்தித்தாள், கடிகாரம் எதுவும் இல்லாமல் அடைந்து கிடப்பவர்களுக்கு இவைதான் பெரிய விஷயங்கள். அடுத்தவருக்குப் பால் மிச்சம் வைத்தாரா, விளக்கணைத்த பிறகு யாரிடம் யாரைப் பற்றிப் பேசினார் என்பதை வைத்தே ஒருவரை எடை போடுகிறார்கள். அற்பமாகத் தோன்றினாலும் கூடவே வாழ்ந்து பார்த்தவர்களின் கணிப்பு அது.

நம் கணிப்பு எதிலிருந்து வருகிறது? ஒரு நாளின் 24 மணி நேரத்தைச் சுருக்கித் தரும் இரவு எபிசோடிலிருந்து. கத்தியது வரும், அதற்கு முன் மதியம் முழுக்க நடந்த சீண்டல் எடிட்டிங்கில் போய்விடும். 24 மணி நேர ஒளிபரப்பு ஓடிடியில் வந்துவிட்டதே என்பார்கள். வேலைக்குப் போய் வருகிறவர் அதை உட்கார்ந்து பார்க்க முடியுமா? அவர் கைக்கு வருவது ப்ரோமோவும் அரை நிமிட ரீல்ஸும்தான்.

ஆட்ட விதியும் இதற்குத் தோதாக இருக்கிறது. வீட்டுக்குள் இருப்பவர்கள் வெளியேற்றுவதற்காகப் பெயர் சொல்கிறார்கள். நாம் காப்பாற்றுவதற்காக ஓட்டுப் போடுகிறோம். அதனால் வீடே ஒதுக்கிய ஒருவருக்கு வெளியே ஆதரவு குவிகிறது. 2017-ல் முதல் சீசனிலேயே ஒரு போட்டியாளரின் ரசிகர் கூட்டத்தைக் குறிக்கும் 'ஆர்மி' என்ற சொல் இப்படித்தான் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. யார் வம்புக்கும் போகாமல் அடுப்படியிலேயே நிற்பவரோ முதல்முறை நாமினேஷனில் சிக்கியதுமே பெட்டியைக் கட்டிவிடுகிறார். அவருக்கென்று ஓட்டுப் போடும் கூட்டம் உருவாகியிருக்காது.

பார்வையாளர்கள் எப்போதும் தப்பாகத்தான் தீர்ப்பு சொல்கிறார்கள் என்றில்லை. 2007-ல் இதே நிகழ்ச்சியின் பிரிட்டன் வடிவத்தில், பிரபலங்களுக்கான சீசனில் இந்திய நடிகை ஒருவர் சக போட்டியாளர்களால் அவமதிக்கப்பட்டபோது 40,000-க்கும் மேற்பட்ட புகார்கள் பறந்தன. அவரையே மக்கள் வெற்றியாளராக்கினார்கள். வீட்டில் நடந்ததைப் போட்டுக் காட்டும் நம் ஊர் 'குறும்பட'மும் சில பொய்களை உடைத்திருக்கிறது.

ஆனால் ஒருவருக்கு ஆர்மி சேர வேண்டுமென்றால் எதிரே ஒரு வில்லன் வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அது வில்லிதான் என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆண் குரலை உயர்த்தினால் 'கோபக்காரர், ஆனா மனசுல ஒண்ணும் இல்ல' என்கிறோம். அதே அளவு பெண் உயர்த்தினால் அவள் வளர்ப்பு, கல்யாணம், உடை எல்லாம் சந்திக்கு வந்துவிடுகிறது. சண்டை சப்பாத்தி மாவைப் பற்றியதாக இருக்கும். கமெண்டில் அவள் அம்மாவைத் திட்டியிருப்பார்கள். அவளோடு சண்டை போட்ட ஆளே அடுத்த நாள் அவள் தட்டில் சாதம் போட்டுப் பேசிச் சமாதானமாகியிருப்பார். நமக்கு அந்தச் சமாதானம் வேண்டியதில்லை. அடுத்த சீசன் வரைக்கும் கோபம் மிச்சமிருக்கிறது.

உள்ளே இருப்பவருக்கு இது எதுவும் தெரியாது. குடும்பத்தினர் வரும் வாரத்தில் கணவரோ அம்மாவோ காதோரம் பூடகமாகச் சொல்லும் ஒன்றிரண்டு வார்த்தைகள்தான் வெளியுலகச் செய்தி. குழந்தைகளும் வருகிறார்கள், கட்டிப்பிடித்து அழுகிறார்கள், டிஆர்பி ஏறுகிறது. அந்தக் குழந்தை மறுநாள் பள்ளிக்கூடம் போக வேண்டும். அம்மாவின் மீம் வகுப்பில் எல்லோர் வீட்டு போனிலும் இருக்கும்.

நூறு நாள் கழித்து வெளியே வருபவர், தன்னைப் பற்றி எழுதப்பட்ட அத்தனையையும் ஒரே ராத்திரியில் படிக்கிறார். வீட்டுக்குள் டாஸ்க்கில் அடிபட்டால் பார்க்க டாக்டர் உண்டு. இந்த ராத்திரிக்கும், அதற்குப் பிறகு வரும் சில மாதங்களுக்கும் மனநல ஆலோசகர் ஒருவரைக் கூடவே வைப்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். குழந்தைகளைக் கேமரா முன் நிறுத்துவதை அடுத்த சீசனிலேயே விட்டுவிடலாம். அதற்காக யாரும் சேனலை மாற்றப்போவதில்லை.